வெளியாள் வார்த்தை

ஒக்காருங்க தம்பி. பெஞ்சு என்ன என்ற ஊட்டுதா? லோடுக்குத்தான வந்தீங்க? அந்தம்மா சாப்படப் போயிருக்குது, இப்ப வந்துரும். அது வந்தாத்தான் இங்க எல்லாம். அது தலையாட்டாம இந்த லாரி ஆபீஸ்ல ஒரு வண்டி நகராதுங்க இப்ப. என்ன பண்றது, சங்ககிரி அப்பிடி ஆகிப்போச்சு.

அந்த வேப்பமரத்தடியில பச்சைக் கலர்ல ஒரு லாரி நிக்குது பாருங்க, அது நம்முளுது. உள்ள ஸ்டீயரிங் மேல தலைய வெச்சுக் கெடக்கறானே, அவன் என்ற பையன், நவநீதன். அந்த வண்டிய இந்த ஆபீஸ்ல சேத்தியாகோணும். இன்னைக்குச் சேத்தியாகோணும். இந்த மாசமும் லோடு ஓடலைன்னா பைனான்ஸ்காரன் வந்து வண்டிய இழுத்துக்கிட்டுப் போயிருவான். அதுக்குத்தான் ஒக்காந்திருக்கறன். மூணாவது தடவையா வந்து ஒக்காந்திருக்கறன் தம்பி! இந்த ஆபீஸ்ல எந்த வண்டி உள்ள வரோணும், எந்த வண்டி வாசலோட திரும்பிப் போகோணும்னு சொல்லிக்கிட்டிருந்த அர்த்தநாரி நானு. இன்னைக்கு வாசல்ல ஒக்காந்து அந்தம்மா கை கழுவிட்டு வர்றதுக்குக் காத்துக்கிட்டிருக்கறன். நல்லா இருக்குதுங்களா கதை?

அது கெடக்கட்டும். உங்களுக்கு எந்தூருங்க? கோவில்பட்டிப் பக்கமா? அவ்வளவு தூரமா! குலதெய்வம் எது? அய்யனாரா? ம். அப்ப நமக்குச் சம்பந்தமில்ல. தப்பா நெனைக்காதீங்க, சும்மாத்தான் கேட்டன், வாய் பழகிப்போச்சு. போன தையிலிருந்து இங்க ஓட்டறீங்களா? அந்தம்மா சேத்துக்கிச்சா? நான் உள்ள இருந்திருந்தா உங்களச் சேத்திருக்க மாட்டன். மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போடறன், மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசற ஆளு நான் இல்ல. உங்கமேல கொற ஒண்ணுமில்லீங்க. கோவில்பட்டியில எனக்கு யாரு இருக்கறா? உங்களப் பத்தி நான் யாருகிட்ட விசாரிப்பன்? அவ்வளவுதான். டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? சரி.

இந்தத் தொழில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆலையில ஜவ்வரிசி மூட்ட மூட்டையா அடுக்கிக் கெடக்கும், வடக்க போகோணும். நம்ம மொதலாளி வேலப்பனுக்குச் சொந்த வண்டின்னு பாத்தாக் கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் வெளி வண்டிதான் ஏத்தோணும். முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தன் கையில ஒரு லாரி சரக்கத் தூக்கிக் குடுத்து, போயிட்டு வாப்பான்னு அனுப்பறோம். அவன் போனாத்தான் போனான். அதனால புது வண்டி வந்துச்சுன்னா சேக்கலாமா வேண்டாமான்னு பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். அந்த ஆளு நானு. என்ற தலமயிரு கறுப்பா இருந்த காலத்திலிருந்து நாந்தான்.

எப்பிடிப் பாப்பன்னு கேக்கறீங்களா? பேப்பரெல்லாம் பாக்க மாட்டன். பேப்பரு எல்லாரும் வெச்சிருக்கறான். திருட்டுப்பய வெச்சிருக்கற பேப்பருதான் மடிப்புக் கலையாம இருக்கும். நான் ஆளப் பாப்பன், மூஞ்சியப் பாப்பன். எந்தூரு, எந்தக் கோயிலு, யாரு பங்காளி. இத்தனையும் கேட்டன்னா அவன் சரித்திரமே வந்துரும். எங்க கரட்டுக் கருப்பணார் கோயிலுக்குப் பாத்தியப்பட்டவன்னு தெரிஞ்சுதுன்னு வெய்யுங்க, வண்டியச் சுத்திக்கூடப் பாக்க மாட்டன். எதுக்குப் பாக்கோணும்? அவன் சரக்கோட ஓடிப்போனாலும் அவிய அப்பன் எங்க இருக்கறான், சித்தப்பன் எங்க இருக்கறான்னு எனக்குத் தெரியுமே! ராத்திரி தூக்கம் வரும் தம்பி, அப்பிடி ஆளப் பாத்து ஏத்துனா. இத இப்பத்த பேரு ஒருத்தருக்குஞ் சொன்னாப் புரியறதில்ல.

இந்தம்மா, சுலோச்சனா, எப்பிடி இங்க வந்துச்சுன்னு சொல்றன் கேளுங்க. மாதேசன்னு ஒரு டிரைவரு, கடன ஒடன வாங்கி ஒரு லாரி எடுத்தான். எடுத்துக் கொஞ்ச நாள்ல நெஞ்சு வலின்னு படுத்தவன் எந்திரிக்கல. அவன் பொண்டாட்டிதான் இது. வண்டி இது பேருக்கு வந்துருச்சு, தம்பிக்காரன் ஓட்டறான். லோடு வேணும்னு வந்து நின்னுச்சு. ஒரு பையிலிருந்து அத்தன பேப்பரையும் எடுத்து மேசமேல வரிசையா வெச்சுது. நான் அத ஒதுக்கி வெச்சுட்டு, ஏம்மா, உங்க ஊடு எந்தப் பக்கம்னு கேட்டன். எதுக்குக் கேக்கறன்னு அதுக்குத் தெரியாதா என்ன?

"ரோட்டுப் பக்கம்ங்ண்ணா"ன்னுது.

லொள்ளப் பாத்தீங்களா! சரி போகுதுன்னு, குலதெய்வம் எதும்மான்னன்.

"அண்ணா, லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்க, அதப் பாருங்க"ன்னுது.

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. உன்ன இங்க ஒருத்தருக்குந் தெரியாதேம்மா, தெரியாத வண்டிய நான் ஏத்தறதில்ல, போயிட்டு அப்பறம் வான்னுட்டன். போச்சு. மறுக்கா வந்துச்சு. அப்பறமும் வந்துச்சு. வந்து ஒக்காந்துக்கும், பேப்பர்ப் பைய மடியில வெச்சுக்கும். இதே பெஞ்சுதான், நீங்க ஒக்காந்திருக்கற எடந்தான். மழையோ வெயிலோ வந்துரும். எனக்கே எரிச்சலா இருக்கும். பொம்பளைக்கு எதுக்குங்க இத்தன புடிவாதம்?

அப்பத்தான் அந்தக் கெரகம் புடிச்ச நாளு வந்துச்சு. போன வருசம் ஆடி நோம்பி முடிஞ்ச சமயம். ஆலையில சரக்கு தேங்கிக் கெடக்குது, வண்டி கெடைக்கல, நாக்பூருக்குப் போயே ஆகோணும். மொதலாளி போன் மேல போனு. அன்னைக்குப் பாத்து ஒரு பையன் வந்து நின்னான். செருப்ப வெளியில உட்டுட்டு உள்ள வந்தான் தம்பி! லாரி ஆபீசுக்கு எவன் செருப்பக் கழட்டிட்டு வர்றான்? நெத்தி நெறையத் துன்னூறு. பேரென்னடா கண்ணுன்னன். பெரியதம்பிங்கன்னான். பேரக் கேட்டதுமே எனக்குப் பாதி மனசு நெறஞ்சுபோச்சு.

"நம்ம பக்கத்துப் பேராட்டம் இருக்குதே. கருப்பணார் கோயிலா?"ன்னன்.

"ஆமாங்க, கருப்பணார் கோயிலுதானுங்க."

"கரட்டுக் கருப்பணாரா?"

"கரட்டுக் கருப்பணாருதானுங்க."

"அட! அப்ப மேட்டுக்காட்டு ராசண்ணன் வகையறாவா நீ?"

"அவிய எனக்குப் பெரியப்பன் மொறைங்க."

"ராசண்ணன் கால்வலி எப்பிடி இருக்குது? போன நோம்பிக்கு ஆளே வரலியே."

"இன்னும் வலிதானுங்க. நடக்கவே சங்கட்டப்படறாருங்க."

பாத்தீங்களா? நான் கேக்கக் கேக்க டக்கு டக்குன்னு பதிலு. ஒரு எடத்துல தடுமாறல. வெளியாளா இருந்தா ராசண்ணன் கால்வலி அவனுக்கு எப்பிடித் தெரியும், நீங்களே சொல்லுங்க!

சரி ஏத்திக்கடான்னன். "ரொம்ப நன்றிங்க மாமா"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. டேய், ஒரே கோயில்காரங்க பங்காளிடா, நமக்குள்ள பொண்ணு குடுக்கறதுமில்ல எடுக்கறதுமில்ல, அப்பறம் நான் எப்பிடி உனக்கு மாமன் ஆவன், பெரியப்பான்னு கூப்புடுன்னு சொல்லித் திருத்துனன். அவனும் சிரிச்சுட்டு, சரிங்க பெரியப்பான்னான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு மொற எங்க தெரியுது? பெரியவங்க நாமதான சொல்லிக் குடுக்கோணும்.

இந்தம்மா அன்னைக்கும் பெஞ்சுல ஒக்காந்திருந்துச்சு. ஜன்னல் வழியா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்குது. எந்திரிச்சு வாசல்ல வந்து நின்னு, "அண்ணா, எதுக்கும் அந்த வண்டி நம்பர ஒருக்கா போன்ல போட்டுப் பாத்துருங்க. யாரு பேருல இருக்குதுன்னு ஒடனே வந்துரும்"னுது.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்! ஏம்மா, உன்ற வண்டிய ஏத்தலைன்னு வயித்தெரிச்சலா, எங்க பங்காளி வண்டிய நீ யாரு சோதன போடறதுக்குன்னு நல்லா நறுக்குன்னு கேட்டுட்டன். அங்க நின்ன டிரைவருங்க எல்லாம் சிரிச்சாங்க. டீ கொண்டாந்த கடக்காரன் மட்டும் சிரிக்கல, டம்ளரக் கையில வெச்சுக்கிட்டு அந்தம்மாளையே பாத்துக்கிட்டு நின்னான். பெரியதம்பி என்ன சொன்னான் தெரியுமுங்களா? "உடுங்க பெரியப்பா, அக்கா நல்லதுக்குத்தான சொல்றாங்க"ன்னான். அந்தப் பெருந்தன்மையப் பாருங்க! போறப்ப, செவுத்துல மாட்டியிருந்த கருப்பணார் காலண்டரத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனான்.

வண்டி நாக்பூர் போகல. ஓசூரத் தாண்டுனதுக்கப்பறம் அவன் போனு அணைஞ்சு போச்சு. அவ்வளவுதான், ஜவ்வரிசி போன எடமும் தெரியல, வண்டி போன எடமும் தெரியல. போலீசுக்குப் போனம். நம்பரப் போட்டுப் பாத்தாங்க. கிருஷ்ணகிரியில யாரோ ஒரு டீச்சரம்மாவோட ஸ்கூட்டர் நம்பராம் அது! இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுட்டான். வண்டி யாருதுன்னுகூடப் பாக்காம ஏத்தி உட்டா நாங்க என்னங்க பண்றதுன்னு கேட்டுட்டுப் போயிட்டான்.

நான் ராசண்ணன் ஊட்டுக்கே போனன் தம்பி. உன்ற பங்காளிப் பையன் பெரியதம்பி எங்கன்னு கேட்டன். அந்தாளு முழிக்கறான். அப்பிடி ஒருத்தனும் எங்க வகையறாவுல இல்லியே அர்த்தநாரிங்கறான். உன்ற கால் வலி எப்பிடி இருக்குதுன்னன். எனக்கெங்கடா கால் வலி, போன நோம்பிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டன், அதான் வரலைங்கறான். ராசண்ணனுக்கும் வயசாகிப்போச்சுங்க, நெனப்புத் தப்பிப்போச்சு. வேறென்ன சொல்றது?

நான் இன்னைக்கும் சொல்றன், அந்தப் பையன் கெட்டவன் இல்ல. எவனோ பின்னாடி இருந்து அவன ஆட்டி வெச்சிருக்கறான். கருப்பணாரத் தொட்டுக் கும்புட்டவன் வேணும்னே செய்ய மாட்டான். என்னைக்காச்சும் ஒரு நாள் வந்து கால்ல விழுவான், பாத்துக்கிட்டே இருங்க.

ஆனா மொதலாளி அதையெல்லாம் கேக்கல. அந்த டீக்கடக்காரன் போயி ஊதி விட்டுட்டான், இந்தம்மா இப்பிடிச் சொல்லுச்சு, அர்த்தநாரியண்ணன் அதப் புடிச்சு வெரட்டுனாருன்னு. மொதலாளி என்னக் கூப்புட்டாரு. சத்தங்கூடப் போடல. "அந்தம்மா சொன்னப்பப் பாத்திருக்கலாமில்ல அர்த்தநாரி?"ன்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு. சத்தம் போட்டிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும். ஊட்ல இருங்க, ஒடம்பப் பாத்துக்கங்கன்னாரு. நான் வேட்டிய உதறிக் கட்டிக்கிட்டு வந்துட்டன். அந்த வாரமே கேள்விப்படறன், என்ற சேர்ல இந்தம்மாளக் கூப்புட்டு ஒக்கார வெச்சுட்டாருன்னு. வயிறு எரியுதுங்க! இந்த ஆபீசுக்கு நான் பண்ணுனதுக்கு மொதலாளி எனக்குக் குடுத்த மரியாத இது.

சரி, போச்சாது. பையன் இத்தன நாளா அடுத்தவன் வண்டி ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சான், சொந்தமா ஒண்ணு வேணும்னு அவனுக்கும் ஆச. தோட்டத்து மேல கடன் வாங்கி இந்த வண்டியப் புடிச்சன். சங்ககிரியில எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரே பேச்சு. "நீங்க அத்தன வருசம் இருந்த எடத்துலயே உங்க வண்டிய ஏத்தலைங்களா? அப்ப நாங்க எப்பிடிங்க?" அத்தன பேத்துக்கும் அந்த நாக்பூர் கதை தெரிஞ்சிருக்குது. மொதல்ல அங்க ஒரு லோடு ஓட்டிட்டு வாங்க, அப்பறம் பாக்கலாம்ங்கறாங்க. அதனாலதான் மானத்த உட்டுட்டு இங்க வந்தன்.

மொத தடவ வந்தப்ப, வண்டி தகுதிச் சான்று தேதி முடிஞ்சு போச்சுன்னு திருப்பி அனுப்புச்சு. முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆச்சு! தெரிஞ்ச ஆளுக்கு இதுகூடப் பாக்கக் கூடாதா? சரின்னு அதப் புதுப்பிச்சுக்கிட்டு ரெண்டாந்தடவ வந்தன். பேப்பரெல்லாம் பாத்துச்சு. சரியா இருக்குதுங்ண்ணான்னுது. அப்பாடான்னு இருந்தன். அப்பறம் எந்திரிச்சு, ஒரு டார்ச்ச எடுத்துக்கிட்டு வண்டிக்கடியில குனிஞ்சுது பாருங்க! சேலையெல்லாம் மண்ணு. பின்னாடி உள்பக்கத்து டயரத் தடவித் தடவிப் பாத்துட்டு, இது ஆகாதுங்ண்ணான்னுது. நான் கத்திட்டன். வேணும்னே பண்றியா, பழைய வஞ்சத்தத் தீக்கறியான்னன். அது கோவிச்சுக்கல. மெதுவா, "அண்ணா, இந்த டயர்ல உங்க பையனத்தான ஏத்தி அனுப்பறீங்க"ன்னுது.

பேச்சப் பாருங்க! என்ற பையன்மேல எனக்கில்லாத அக்கற அதுக்கு வந்துருச்சு. டயர் கடையில கழட்டுனப்போ உள்ள கம்பி வெளிய வந்து கெடந்துச்சுன்னு நவநீதன் சொன்னான். கொண்டாந்து காட்டவும் காட்டுனான். லாரின்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும், நாங்க பாக்காத டயரா? அன்னையிலிருந்து அவன் அதுக்கு அக்கா அக்காங்கறான். எங்கிட்டப் பேசறதத்தான் கொறச்சுக்கிட்டான்.

இன்னைக்குக் காலையில வந்தமுங்க. பேப்பர் சரி, டயர் சரி, நம்பரப் போன்ல போட்டுப் பாத்துது, சரி. பையன் லைசென்சையும் பாத்துது, அதும் சரி. இனி என்னம்மா சொல்லுவன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னன். "கடைசியா ஒண்ணுங்ண்ணா. புது வண்டின்னா வெளியாள் ஒருத்தர் வந்து, இவர நம்பலாம்னு உங்களுக்காகச் சொல்லோணும். இங்க வண்டி ஓட்டற ஆளா இருந்தா நல்லது. நாக்பூர் லோடு போனதுக்கப்பறம் மொதலாளி போட்ட ஏற்பாடு"ன்னுது.

இதானா பெரிய விசயம்னு நான் பேரு சொன்னன். என்ற மச்சான் சொல்லுவான்னன். ஒறம்பரை, சொந்தக்காரங்க ஆகாதுங்ண்ணான்னுது. சரி, ராசண்ணன் வருவான்னன். அவரு உங்க பங்காளிங்ண்ணான்னுது. சம்பந்தியச் சொன்னன். அதுக்கும் தலைய ஆட்டிருச்சு. "உங்க ஆளுங்க உங்களுக்குச் சொல்லத்தான செய்வாங்க. வேற யாராச்சும் ஒருத்தர் போதுங்ண்ணா. நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள கூட்டிட்டு வாங்க, வண்டிய இன்னைக்கே ஏத்திரலாம்"னு சொல்லிட்டுப் போயிருச்சு.

எடைமேடைக்காரனுக்குப் போன் பண்ணுனன். எத்தன வருசப் பழக்கம்! உங்களப் பத்தி நான் என்னங்க சொல்றதுங்கறான். அந்த டீக்கடக்காரங்கிட்டப் போனன், எனக்கெதுக்குங்ண்ணா வம்புங்கறான். பழைய டிரைவரு ஒருத்தன், என்ற ஆபீஸ் வாசல்ல எத்தனையோ நாள் கெடந்தவன், அவனக் கூப்புட்டன். "அன்னைக்கு என்னத் தெரியாதுன்னுதானங்க திருப்பி அனுப்புனீங்க, இன்னைக்கு நான் உங்களத் தெரியும்னு எப்பிடிங்க சொல்றது?"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டான். இதெல்லாம் பையன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தான். "ஏம்ப்பா, நம்ம ஆளுங்கள உட்டா உங்களுக்கு ஒருத்தரக்கூடத் தெரியாதாப்பா?"ன்னான். கேட்டுட்டுப் போயி வண்டியில ஏறிக்கிட்டான். அப்பப் படுத்தவந்தான், இன்னும் தலையத் தூக்கல.

தம்பி... ஒண்ணு கேக்கறன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கோவில்பட்டிதான? அய்யனாருதான? நமக்குள்ள ஒட்டுமில்ல ஒறவுமில்ல. உங்க வண்டி தையிலிருந்து இங்க ஓடுது. அப்ப உங்க வார்த்த எடுபடுமில்லீங்க. அந்தம்மா வந்ததும், இவர எனக்குத் தெரியும், நல்ல மனுசன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க. உங்களச் சேத்திருக்க மாட்டன்னு முன்னாடி சொன்னதெல்லாம் ஒரு வெளையாட்டுக்குங்க! பெரியவன் என்னமோ சொல்லிட்டன், உடுங்க. இத்தன நேரம் ஒக்காந்து பேசியிருக்கறம், இதுக்குமேல ஒரு மனுசனப் பத்தி என்ன தெரியோணும்? எம் மூஞ்சியப் பாத்தாத் தெரியலீங்களா?

என்னங்க, போன எடுக்கறீங்க? யாருக்குப் பேசப்போறீங்க?

வண்டி நம்பரா? என்ற வண்டி நம்பரு உங்களுக்கு எதுக்குங்க?

ஓ.

அதா, அந்தம்மா வந்துருச்சு, கேட்டத் தொறக்குது.

சரிங்க. சொல்றன், போட்டுப் பாருங்க. கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பி ஒக்காருங்க தம்பி, பையன் எந்திரிச்சுப் பாத்துக்கிட்டிருக்கறான்.